எல்விஸ் இருந்த ஊர்ப்பக்கம் போனவர்கள், அவரைப் பார்த்தவர்களைப் பார்த்தவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் வேலை கிடைத்து வருகிறவர்களுக்கு இன்னொரு வேலையும் தானாக வந்து சேரும். ஊரிலிருந்து யார் வந்தாலும், ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி வாழ்ந்த கிரேஸ்லேண்ட் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மாமனார் மாமியார் வந்தாலும் அங்கேதான், டல்லாஸிலிருந்து காரில் வரும் நண்பன் குடும்பம் என்றாலும் அங்கேதான். ஃபெடெக்ஸ் தலைமையகம் இங்கே இருப்பதால் ஒப்பந்த வேலைக்கு வரும் நம் ஆட்கள் நிறைய, எல்லாருக்கும் இதே கதை. பாட்டுகளைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்த வீட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் வருவது வேறு யோசனை. உச்சத்தில் இருந்தபோது இந்த மனுஷன் ஒரு நாளை எப்படி ஓட்டினார்? எத்தனை மணிக்கு எழுந்தார், எங்கே போய்ச் சாப்பிட்டார், பெட்ரோல் போட வேண்டுமென்றால் என்ன செய்தார்?

பெட்ரோல் என்று சும்மா சொல்லவில்லை. 1956 அக்டோபரில் நடந்தது இது. செப்டம்பர் 9-ஆம் தேதிதான் எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சியில் வந்திருந்தார், அமெரிக்கா முழுக்கச் சுமார் 6 கோடிப் பேர் பார்த்தார்கள். வயது 21. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் ஒரு எலெக்ட்ரிக் கம்பெனிக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்த பையன். தன் லிங்கன் காரில் பெட்ரோல் வாடை அடிக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்று டவுனில் ஒரு பங்கில் நிறுத்தினார். நமக்கு ஐந்து நிமிஷ வேலை. கூட்டம் கூடிவிட்டது, மற்ற வண்டிகள் உள்ளே வர முடியவில்லை, பங்க் மேனேஜர் வண்டியை எடு என்கிறார், இவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறார், கடுப்பான மேனேஜர் பின்மண்டையில் ஒரு தட்டு தட்ட, இவர் இறங்கிக் கைநீட்டிவிட்டார். மறுநாள் கோர்ட்டு. நீதிபதி இவரை விடுவித்து, அடித்த பங்க்காரர்களுக்கு அபராதம் போட்டார். கூடவே இவருக்கும் ஒரு புத்திமதி: கூட்டம் சேர்ந்து அடுத்தவன் வியாபாரம் கெடுகிற மாதிரியான இடங்களைத் தவிர்க்கப் பார். யோசித்துப் பாருங்கள், அப்படிப் பார்த்தால் எந்தக் கடைக்குத்தான் போவது?

அந்த வருஷம் அவர் குடும்பம் இருந்தது ஆடுபான் டிரைவ் என்ற தெருவில் ஒரு சாதாரண வீடு. இப்போதும் அந்த வழியாகக் காரில் போகலாம், அமைதியான தெரு. அப்போது வீட்டு முன்னால் ராத்திரி பகலாக ஜனம், புல்தரை காலி, பக்கத்து வீட்டார் முணுமுணுப்பு. 1957 மார்ச்சில் ஊருக்கு வெளியே, கிட்டத்தட்ட 14 ஏக்கரில் கிரேஸ்லேண்டை வாங்கினார், விலை 1,02,500 டாலர். இசைக்குறிப்பு எழுதிய தாள் மாதிரி, இரண்டு பக்கமும் கிடார்க்காரன் உருவம் வைத்து இரும்பு கேட் போட்டார். அம்மா பின்பக்கம் கோழி வளர்த்தார்.

நான் முதலில் குடியிருந்த வீட்டின் ஓனர் அம்மாவுக்கு எண்பதுக்கு மேல் வயது. அவருடைய பதினைந்து வயது முழுக்க அந்த கேட்டில்தான் கழிந்ததாம். வாடகை கொடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு கதை வரும். கேட்டைப் பார்த்துக்கொண்டவர் எல்விஸின் பெரியப்பா வெஸ்டர். வழக்கமாக வருகிற பெண்களை அவருக்கு முகம் தெரியும். "பள்ளிக்கூடம் விட்டு நேராகப் போவோம், அப்போதுதான் அவனுக்கு விடியும்" என்றார் ஓனர் அம்மா. சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்குத்தான் மாடியில் நடமாட்டம் தெரியுமாம். அப்புறம் காலைச் சாப்பாடு. இருட்டிய பிறகுதான் வண்டிகள் வெளியே கிளம்பும்.

ஊரே அவருக்காக ராத்திரியில் திறந்தது என்று சொல்லலாம். மெம்ஃபியன் தியேட்டரில் கடைசி ஆட்டம் முடிந்து ஜனம் போன பிறகு, நள்ளிரவுக்கு மேல் மொத்தத் தியேட்டரையும் வாடகைக்கு எடுத்துக்கொள்வார். படம் பிடிக்கவில்லையென்றால் நிறுத்தச் சொல்லிவிட்டு அடுத்த ரீலைப் போடச் சொல்வார். ரெயின்போ என்ற ஸ்கேட்டிங் மைதானமும் அப்படித்தான். பொருட்காட்சி மைதானமும் அப்படித்தான், விடிய விடிய மோதல் கார், ரோலர் கோஸ்டர். கேட்டில் நிற்பவர்களில் முகம் தெரிந்த சிலரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போவதுண்டு. ஓனர் அம்மாவை அவர் அப்பா விடவில்லை. அறுபத்தைந்து வருஷம் கழித்தும் செத்துப்போன அப்பாமேல் அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது!

டவுனில் ஆர்கேட் என்று ஒரு ஹோட்டல் இருக்கிறது, 1919-லிருந்து நடக்கிறது. அதில் எல்விஸ் உட்காரும் இடம் என்று ஒன்றைக் காட்டுவார்கள். பின்பக்கக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற இருக்கை. யாராவது அடையாளம் கண்டுகொண்டால் அப்படியே சமையல்கட்டு வழியாக நழுவிவிடலாம். நான் அதில் உட்கார்ந்து சாப்பிட்டேன். முதுகுக்குப் பின்னால் ஆட்கள் தட்டோடு போவதும் வருவதுமாக, அந்தக் கடையிலேயே மோசமான இடம் அது.

உங்களிடம் இருப்பதை எழுதுங்கள்.

* * *

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து எழுதுகிறேன். அண்ணா, சாயங்காலம் எழுந்த கதை சரி, இங்கே அவர் விடியற்காலையில் எழுந்த கதை இருக்கிறது.

1958 மார்ச்சில் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். உலகத்திலேயே அதிகம் சம்பாதிக்கிற பாடகர்களில் ஒருவர், திடீரென்று மாசம் 78 டாலர் சம்பளம். அந்த ஆகஸ்டில் அம்மா இறந்துபோனார். அக்டோபரில் கப்பலில் ஜெர்மனி வந்து இறங்கினார். முகாம் இருந்தது ஃப்ரீட்பெர்க்கில். குடும்பத்தோடு இருக்கிற சிப்பாய்கள் வெளியே வீடு எடுத்துக்கொள்ளலாம் என்று விதி. இவர் அப்பாவையும் பாட்டியையும் வரவழைத்துக்கொண்டு பக்கத்து ஊரான பாட் நவ்ஹைமில் இருந்தார். முதலில் ஹோட்டல்கள், அப்புறம் கோதே தெருவில் 14-ஆம் நம்பர் வாடகை வீடு. எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் அரை மணிக்குக் கொஞ்சம் மேல். குளியல் சிகிச்சைக்கு வயசானவர்கள் வந்து தங்குகிற ஊர், இப்போதும் அப்படித்தான்.

என் ஆபீஸ் தோழியின் அம்மா அந்த ஊர்க்காரர், அவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தோம். அந்த வீட்டு வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை தொங்கியதாம்: கையெழுத்து மாலை 7.30 முதல் 8 மணி வரை. அந்தப் பலகையின் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். டாக்டர் கிளினிக் மாதிரி நேரம்! காலையில் இருட்டோடு முகாமுக்குப் போய், டாங்கிப் படையில் ஜீப் ஓட்டிவிட்டு, சாயங்காலம் வந்து, பாட்டி சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, வாசலில் வந்து நின்று அரை மணி நேரம் கையெழுத்து. "சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவான், அதனால்தான் எங்கள் ஊரில் கெட்ட பேர் வாங்கவில்லை" என்றார் அந்த அம்மா. ஜெர்மன்காரர்களுக்கு அது போதும்.

ஒரு வெள்ளை பிஎம்டபிள்யூ 507 வைத்திருந்தார். வெளியே நிறுத்தினால் பெண்கள் லிப்ஸ்டிக்கால் போன் நம்பர் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். வெள்ளை வண்டியில் சிவப்பு எப்படித் தெரியும்! கடைசியில் வண்டியையே சிவப்பாக அடித்துவிட்டார். இப்போது ஃப்ரீட்பெர்க் போனால் நடந்து போகிறவர்களுக்கான சிக்னலில் எல்விஸ் உருவம் விழும். என் பையன் அதற்காகவே மூன்று தடவை ரோட்டைக் கடந்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை எல்லாரும் காதல் கதையாக எழுதிப் பார்த்துவிட்டேன். பின்னால் மனைவியான பிரிசில்லாவை அவர் சந்தித்தது இந்த கோதே தெரு வீட்டில்தான், 1959 செப்டம்பரில். அவருக்கு 24 வயது, அந்தப் பெண்ணுக்கு 14. எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அந்த வாசலில் நின்றபோது எனக்கு வந்தது எரிச்சல்தான். கேள்வி கேட்க ஒரு ஆள் பக்கத்தில் இல்லாததும் அந்த உச்சத்தின் ஒரு பகுதி, அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

* * *

அக்கா சொன்னது சரி. இவ்வளவு பரிதாபப்பட என்ன இருக்கிறது என்று எனக்கும் தோன்றுகிறது. பொருட்காட்சி மைதானத்தை ராத்திரி வாடகைக்கு எடுத்தார் என்று உருகுகிறீர்கள். அதே மைதானத்துக்குள் அந்த ஊர்க் கறுப்பின மக்கள் நினைத்த நாளில் போக முடியாது, அவர்களுக்கென்று தனி இரவு ஒதுக்கியிருந்தார்கள். இவர் முதலில் பாடி ஹிட்டான பாட்டு ஆர்தர் கிரடப் என்ற கறுப்பினப் பாடகர் எழுதியது. 'ஹவுண்ட் டாக்' என்ற நாய்ப் பாட்டை இவருக்கு முன்னால் பாடியவர் பிக் மாமா தோர்ன்டன் என்ற கறுப்பினப் பாடகி. அவர்களுக்கு உச்சமும் வரவில்லை, மைதானமும் வரவில்லை. கிரடப் தனக்கு வர வேண்டிய ராயல்டிக்காகச் சாகும்வரை அலைந்தார்.

நேர் அனுபவம் எதுவும் என்னிடம் இல்லை, மன்னிக்கவும். மெம்ஃபிஸ் பீல் தெருவில் ஒரு ராத்திரி உட்கார்ந்து கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அங்கே வாசித்தவர் இடைவேளையில் எல்விஸ் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டு, "அவன் இங்கே வருவான், கேட்பான், கும்பிடு போட்டுவிட்டுப் போவான் என்று என் அப்பா சொல்வார்" என்றார். அந்தச் சிரிப்பு பாராட்டா, வேறு எதுவுமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

* * *

(முதல் பதிவு போட்டவன்தான்.) தம்பி சொன்ன மைதானத்தைப் பற்றி ஒன்று. 1956 ஜூனில் அந்தத் தனி இரவு ஒன்றில் எல்விஸ் உள்ளே போனதாக இங்கே கறுப்பினத்தவர் நடத்திய பத்திரிகையில் அப்போதே செய்தி வந்தது, அதைப் பாராட்டித்தான் எழுதினார்கள். உங்கள் கணக்கு இதனால் நேராகிவிடாது. ராயல்டி விஷயத்தில் நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை.

* * *

நான் யாழ்ப்பாணம். டொக்டராக இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது நியூ ஜெர்சியில் மகளோடு. பேத்தி டைப் பண்ணித் தருகிறாள், பிழை இருந்தால் அவளுடையது.

ஐம்பதுகளின் கடைசியில் ரேடியோ சிலோன் ஆங்கில சேவையில் இந்தப் பாட்டுகள் போகும். அண்ணன்மார் தலைமுடியை எண்ணெய் வைத்து முன்னால் தூக்கி வாரிக்கொண்டு திரிவார்கள், ஐயா அதற்காக அடித்தவர். அப்போது தெரியாது அந்த ஆளை நேரில் பார்ப்பேன் என்று. எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கா வந்துவிட்டேன். ஒரு மருத்துவ மாநாட்டுக்கு லாஸ் வேகாஸ் போனபோது ஹில்டன் ஹோட்டலில் அவருடைய ஷோ. எங்கள் மூன்று பேருக்கு ஆசை வந்துவிட்டது.

உள்ளே போகிற விதத்தைச் சொல்கிறேன். டிக்கெட்டில் இருக்கை நம்பர் கிடையாது. வாசலில் கோட் போட்ட ஒருவர் நிற்பார், கைகுலுக்குகிற மாதிரி நோட்டை அவர் கைக்குள் வைத்தால் முன்வரிசை, வைக்காவிட்டால் தூணுக்குப் பின்னால். நாங்கள் சம்பளம் காணாத இளம் டொக்டர்கள், தூண்தான். சுமார் 2,000 பேர் கொள்ளும் மண்டபம். சாப்பாட்டோடு ஒரு ஷோ, நள்ளிரவில் இன்னொரு ஷோ, ஒவ்வொரு நாளும் இரண்டு. 1969-இல் முதல் தடவை அங்கே பாடியபோது நாலு கிழமையில் 57 ஷோ. எங்களை ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு மணித்தியாலம் நிற்க வைப்பார்கள், அந்தக் கொடுமையை நினைத்துக்கொண்டுதான் நான் இந்தக் கணக்கைப் பார்த்தேன்.

மேடையில் வெள்ளை உடுப்பு, மணிகள் பதித்தது. வியர்வை அருவியாக ஓடுகிறது. கழுத்தில் ஒரு சால்வைத் துண்டு, அதால் வியர்வையைத் துடைத்து முன்னால் நிற்கிற பெண்ணுக்குக் கொடுப்பார், பின்னால் நிற்கிற உதவியாள் உடனே அடுத்த துண்டைக் கழுத்தில் போடுவான், அது அடுத்த பெண்ணுக்கு. துண்டு முடியவே இல்லை. பாட்டு நடுவில் நிற்காமல் இது ஒரு தொழிற்சாலை வேலை மாதிரி நடந்தது. குரல் அற்புதம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டு துண்டு கொடுக்கிற நேரத்தில் அந்தக் கண் எங்கேயோ இருந்தது. நான் அதைப் பார்த்தது டொக்டராகவோ, ரசிகனாகவோ, சொல்லத் தெரியவில்லை.

எங்கள் மேசைக்குப் பரிமாறிய பெடியனிடம் கதை கொடுத்தோம். அவர் இதே கட்டடத்தின் முப்பதாவது மாடியில்தான் இருக்கிறார், ஜன்னலெல்லாம் வெளிச்சம் வராமல் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறது, லிஃப்ட்டில் கீழே இறங்குவார், சமையல்கட்டு வழியாக மேடைக்கு வருவார், திரும்ப மேலே போய்விடுவார் என்றான். வாரக்கணக்காக வெயிலே மேலே படாத ஒருவர்.

இதை நான் டொக்டராகவே எழுதுகிறேன். ராத்திரி முழுக்க முழித்திருக்க ஒரு மாத்திரை, விடிந்ததும் தூங்க ஒரு மாத்திரை, தூக்கம் தெளிய இன்னொன்று. இப்படிப் போனால் உடம்பு எங்கே போய் நிற்கும் என்று படித்தவனுக்குத் தெரியும். 1977-இல் முதல் எட்டு மாதங்களில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் டோஸ் அவர் பெயரில் எழுதப்பட்டதாக விசாரணையில் வெளிவந்தது. எழுதியவர் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர். அதைப் படித்த அன்று வெட்கமாக இருந்தது. பேஷன்ட் கேட்டார், கொடுத்தேன் என்பது ஒரு பதிலா? வேண்டாம் என்று சொல்லத்தானே எங்களைப் படிக்க வைத்தார்கள்! அவர் சாகும்போது வயது 42.

* * *

டாக்டர் ஐயா எழுதியதற்கு அப்புறம் இதைப் போடலாமா என்று யோசித்தேன். நான் விஸ்கான்சினில் இருக்கிறேன். மெம்ஃபிஸ் மைதானத்தில் அவருக்குப் பிடித்த ரோலர் கோஸ்டர் ஸிப்பின் பிப்பின். அது இருந்த பூங்காவை 2005-இல் மூடிவிட்டார்கள். அதே வடிவத்தில் மரத்தால் திரும்பக் கட்டி 2011-இல் எங்கள் கிரீன் பே ஊரில் திறந்தார்கள். சாவதற்கு எட்டு நாள் முன்னால், 1977 ஆகஸ்ட் 8-ஆம் தேதி, மகளுக்காக அந்தப் பூங்காவை ராத்திரி எடுத்து விடியும்வரை அவர் இதில் சுற்றினார் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

நான் ஏறினேன். மரம் கடகடவென்று சத்தம் போடும், இறக்கத்தில் வயிறு வாய்க்கு வரும். ஒரு சுற்று இரண்டு நிமிஷம்கூட இருக்காது. முன்னால் அரை மணி வரிசை. வரிசையே இல்லாமல், இறங்காமல், திரும்பத் திரும்ப அதே சுற்று என்றால் எனக்குப் பத்தாவது தடவையிலேயே அலுத்துவிடும். என் மனைவி, "அவர் ரோலர் கோஸ்டருக்காகவா போனார், வீட்டை விட்டு வெளியே இருக்க ஒரு சாக்கு" என்றாள். இருக்கலாம்.

* * *

எல்லாருக்கும் நன்றி. ஐயா, பேத்தியிடம் பிழை ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள்.

உள்பெட்டியில் சிலர் கிரேஸ்லேண்ட் போனால் எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஒன்று, மாளிகை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். என் மாமனார் உள்ளே நுழைந்ததும் "இவ்வளவுதானா, நம்ம காரைக்குடி வீட்டில் இதைப்போல நாலு அடங்கும்" என்றார். விமானம், கார்கள், தங்க இசைத்தட்டுகள் எல்லாம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். அதில் நேரத்தை விடாமல் வீட்டுக்குள் மெதுவாக நடங்கள். கீழ்த்தளத்தில் ஒரே சுவரில் மூன்று டிவி. அப்போது இருந்த மூன்று சேனலையும் ஒரே நேரத்தில் பார்ப்பாராம். வெளியே போக முடியாதவன் வேறு என்ன செய்வான்! பின்பக்கத்தில் 'ஜங்கிள் ரூம்' என்கிற அறையில் கூரைக்கும் பச்சைக் கம்பளம் ஒட்டியிருக்கும். 1976-இல் ஸ்டுடியோவுக்குப் போகாமல், ரெக்கார்டிங் சாமான்களை அந்த அறைக்கே கொண்டுவரச் சொல்லிப் பாடினார்.

சமையல்கட்டில் நில்லுங்கள். நான் அதிகம் நிற்பது அங்கேதான். வீட்டில் எந்த நேரமும் இருக்க வேண்டிய பொருட்கள் என்று ஒரு பட்டியல் உண்டு, பல இடங்களில் அச்சாகியிருக்கிறது. கொழுப்பில்லாத கொத்துக்கறி, ஒரு கேஸ் பெப்சி, வேர்க்கடலை வெண்ணெய், பிழிந்த ஆரஞ்சுச் சாறு, மூன்று வகைச் சூயிங்கம், இருமல் மாத்திரை, தீப்பெட்டி, அப்புறம் தினமும் ராத்திரி புதிதாகச் செய்ய வேண்டிய வாழைப்பழப் புட்டிங். நாம் ராத்திரி பதினோரு மணிக்கு ஏதாவது தின்னத் தோன்றினால் தெருமுனைக் கடைக்குப் போவோம். அவருக்குத் தெருமுனை கிடையாது, கடையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாடிக்கு விட மாட்டார்கள். 1982-இல் வீட்டைத் திறந்த நாளிலிருந்து இதுதான் விதி, எவ்வளவு கெஞ்சினாலும் காசு கொடுத்தாலும் நடக்காது, கேட்டு அவமானப்படாதீர்கள். எனக்கு அதில் குறையே இல்லை. உயிரோடு இருந்தபோது அவருக்கென்று மிச்சமிருந்தது அந்த மாடி ஒன்றுதான், அதையும் டிக்கெட் போட்டுக் காட்டியிருந்தால் நான் கேட்டுக்கு உள்ளேயே போயிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் நடுவில் வரவே வராதீர்கள். 15-ஆம் தேதி ராத்திரி மெழுகுவர்த்தி ஊர்வலத்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஜனம் வரும், ஓட்டல் வாடகை எகிறும், வெயிலும் புழுக்கமும் நம் சித்திரை மாதத்தை ஞாபகப்படுத்தும். நவம்பரில் வாருங்கள், கூட்டம் குறைவு. மெம்ஃபிஸ் வந்தால் சொல்லுங்கள், நானே கூட்டிப்போகிறேன். எப்படியும் அடுத்த மாதம் என் மச்சான் குடும்பம் வருகிறது.